ஜிப் போட்டும் ஃபைல் ஏன் சுருங்கவில்லை?

மே 6, காலை 7.20

மேலூர்த் தம்பி கேட்டிருப்பது இது: "அண்ணே, அழகர் ஆற்றில் இறங்கிய அன்று எடுத்த போட்டோ எல்லாம் சேர்ந்து 6 ஜி.பி. இருக்கிறது. சிவகாசியில் காலண்டருக்குக் கேட்டார்கள் என்று ஜிப் போட்டேன். ரொம்ப நேரம் ஓடி 5.9 ஜி.பி.யில் வந்து நிற்கிறது. அதே கம்ப்யூட்டரில் கஸ்டமர் விலாசப் பட்டியலை ஜிப் போட்டால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜிப் என்பதே சும்மா பெயருக்குத்தானா? போதாததற்கு, ஜிப் போட்டால் போட்டோ தரம் போய்விடும் என்று மச்சான் வேறு பயமுறுத்துகிறார்."

ஜிப் என்பது ஃபைல்களை ஒன்றாகக் கட்டி, முடிந்தவரை சுருக்கி வைக்கும் முறை. மச்சானுக்கு முதலில் பதில். தரம் போகாது, ஒரு புள்ளிகூடப் போகாது. ஜிப்புக்குள் வைத்த ஃபைலை வெளியே எடுத்தால் வைத்தது எப்படியோ அப்படியே பைட்டுக்கு பைட் திரும்ப வரும். அப்படி வராவிட்டால் கணக்கு ஃபைலும் புரோகிராம் ஃபைலும் எதற்கும் உதவாது. தரம் போவது வாட்ஸ்அப்பில் போட்டோவை போட்டோவாகவே அனுப்பும்போது. அது வேறு வேலை. மச்சான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்.

போட்டோ ஏன் சுருங்கவில்லை என்பதைச் சாயங்காலம் எழுதுகிறேன். கடை திறக்கணும்.

மே 6, இரவு 10.05

பழைய பத்திரம், கணக்கு நோட்டு பார்த்தவர்களுக்கு ௸ என்ற குறி தெரியும். மேற்படி. "மதுரை மாவட்டம் மேலூர் வட்டம்" என்று ஒரு தடவை எழுதிய பிறகு, அடுத்தடுத்த வரிகளில் அதையே எழுதிக் கை ஒடியாமல் இருக்க ௸ போட்டுவிடுவார்கள். படிக்கிறவர் மேலே பார்த்து நிரப்பிக்கொள்வார். எதுவும் தொலையவில்லை, காகிதம் மிச்சம்.

ஜிப் செய்வதும் இதுதான். ஒரு வித்தியாசம், ஜிப்பின் மேற்படியில் இரண்டு எண் உண்டு: எத்தனை பைட் பின்னால் போக வேண்டும், அங்கிருந்து எத்தனை பைட் எடுத்து எழுத வேண்டும். ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஜிவ் என்ற இருவர் 1977இல் வெளியிட்ட முறை இது. ஜிப்பில் இதற்கு மேல் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறியீடு, அபூர்வமாக வருவதற்கு நீளக் குறியீடு. இது டேவிட் ஹஃப்மேன் 1952இல் வெளியிட்டது. எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது, பரீட்சை எழுதுகிறாயா கட்டுரை தருகிறாயா என்று பேராசிரியர் கேட்க, கட்டுரையைத் தேர்ந்தெடுத்தவர் கண்டுபிடித்தது. இந்த இரண்டையும் சேர்த்த கலவைக்கு டிஃப்ளேட் என்று பெயர். நாம் போடும் ஜிப் அநேகமாக எல்லாமே டிஃப்ளேட்தான்.

தம்பியின் விலாசப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் தெரு, ஊர், "மதுரை", 625இல் தொடங்கும் பின்கோடு. மேற்படி போட அங்கே இடம் ஏராளம். அதனால்தான் அது அப்படிச் சுருங்கியது.

போட்டோவில் அந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. கேமராவே ஜேபெக் என்ற போட்டோ ஃபைலாக எழுதும்போது, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்தைக் கழித்து, மீதியை அதே ஹஃப்மேன் முறையில் இறுக்கித்தான் கார்டில் எழுதுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் திரும்ப வரும் வரிசை ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஜிப் எத்தனை நேரம் தேடினாலும் மேற்படி போட இடம் கிடைக்காது. எம்.பி.4 வீடியோ, எம்.பி.3 பாட்டு எல்லாமே இந்தக் கதைதான்.

மே 7, காலை 6.50

ராத்திரி ஒருவர் கேட்டிருந்தார்: அப்படியானால் ஜிப்பையே மறுபடி ஜிப் போட்டால்? சுருங்காது, சில பைட் கூடவே செய்யும். எல்லா ஃபைலையும் சின்னதாக்கும் முறை என்று ஒன்று இருக்கவே முடியாது. இருந்தால் அதையே திரும்பத் திரும்பப் போட்டு உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒரு பைட்டில் அடக்கிவிடலாம். ஒரு பைட்டில் இருக்கக்கூடியது 256 விதம் மட்டுமே. எதிலிருந்து எது வந்தது என்று பிறகு எப்படிப் பிரிப்பது?

மே 7, இரவு 9.30

கோரிப்பாளையத்திலிருந்து ஒருவர்: "யூனிகோடு தமிழ் மூன்று மடங்கு இடம் பிடிக்கிறது, அதனால்தான் நான் இன்னமும் பழைய ஃபாண்டிலேயே டைப் செய்து வைக்கிறேன்."

இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. டி.டி.பி. வேலையில் நான் தினமும் அழுது மல்லாடுவது இந்தப் பழைய ஃபாண்டுகளோடுதான்.

யூனிகோடு எழுத்தை ஃபைலில் எழுத வழக்கமாகப் பயன்படுவது யூ.டி.எஃப்-8 முறை. "மதுரை" என்ற சொல்லை அதில் சேமித்தால் உள்ளே இருப்பது இது (ஒவ்வொரு எண்ணும் ஒரு பைட்):

ம: 224 174 174
த: 224 174 164
உகரக் குறி: 224 175 129
ர: 224 174 176
ஐகாரக் குறி: 224 175 136

மொத்தம் 15 பைட். யூனிகோடு பரவும் முன் புழங்கிய திஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டு முறையில் 4 பைட்டில் முடிந்திருக்கும். அதுவரை அவர் சொல்வது சரி. ஆனால் வரிசையாகப் பாருங்கள். முதல் எண் எப்போதும் 224. இரண்டாவது எண் 174 அல்லது 175, தமிழில் வேறெதுவும் வராது. அதாவது மூன்றில் ஒன்று முழுக்கத் தெரிந்தது, இன்னொன்று இரண்டில் ஒன்று. ஜிப்புக்கு இதைவிட வசதியான இரை கிடையாது. நீளமான தமிழ்க் கட்டுரை ஒன்றை யூனிகோடிலும் திஸ்கியிலும் வைத்து இரண்டையும் ஜிப் போட்டுப் பாருங்கள். வெளியே இருந்த பெரிய இடைவெளி உள்ளே போனதும் கொஞ்சமாகிவிடும். இணையப் பக்கங்களும் பெரும்பாலும் வழியில் இப்படிச் சுருங்கித்தான் வருகின்றன. தமிழ்ப் பக்கம் படிப்பதால் டேட்டா மூன்று மடங்கு தீர்வதில்லை.

நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க இலக்கியம் முதற்கொண்டு தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தது, இன்றும் கொடுப்பது. தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் திஸ்கியில் இருந்தது. பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். அந்த உழைப்பைப் போட்டதால்தான் இன்றைக்கு நம் போனில் ஒரு பாட்டின் வரியைத் தேடினால் கிடைக்கிறது. மிச்சமாகும் சில கே.பி.க்காகப் பழைய ஃபாண்டில் டைப் செய்து வைக்காதீர்கள். அந்த ஃபாண்ட் இல்லாத மெஷினில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. இன்று காலைகூட ஒரு கல்யாணப் பத்திரிகை அப்படித்தான் வந்தது. ஃபாண்டைச் சேர்த்து அனுப்பவில்லை, மணமகன் பெயரையே போன் போட்டுக் கேட்க வேண்டியதாயிற்று.

அப்படி அனுப்பியே ஆகவேண்டும் என்றால் ஃபாண்ட் ஃபைலையும் ஒரே ஜிப்பில் வைத்து அனுப்புங்கள். ஜிப்பின் பாதி மதிப்பு சுருக்குவதில் இல்லை, சேர்ந்திருக்க வேண்டியதைச் சேர்த்து வைப்பதில் இருக்கிறது.

மே 8, மதியம் 2.10

சாப்பாட்டு நேரத்தில் ஒரு அவசரக் குறிப்பு. ஜிப்பை டபுள் கிளிக் செய்து, உள்ளே தெரியும் எக்செல் ஃபைலை அப்படியே திறந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து திருத்தி, சேவ் கொடுத்து மூடுகிறார்கள். பிறகு பார்த்தால் திருத்தியது காணோம் என்று வருகிறார்கள். விண்டோஸ் ஜிப்பை ஃபோல்டர் மாதிரிக் காட்டுகிறது, ஆனால் அது ஃபோல்டர் இல்லை. திறந்தது எங்கோ தற்காலிக இடத்தில் போட்ட நகல். முதலில் ரைட் கிளிக், எக்ஸ்ட்ராக்ட் ஆல். வெளியே எடுத்த ஃபோல்டரில்தான் வேலை. பழகிக்கொள்ளும்வரை இதைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தப்பில்லை.

மே 9, இரவு 11.00

நிதானமாக உட்கார்ந்து எழுத இன்றுதான் நேரம் கிடைத்தது.

ஏதாவது ஒரு ஜிப் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். எல்லாம் கிறுக்கலாக இருக்கும், ஆனால் முதல் இரண்டு எழுத்து ஆங்கிலத்தில் பி, கே என்று தெளிவாகத் தெரியும். பில் காட்ஸ் என்பவரின் பெயர் முதலெழுத்துகள் அவை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துக்காரர். 1989இல் ஜிப் முறையை வெளியிட்டவர். அதற்கு முன்னால் ஆர்க் என்ற முறை புழங்கியது. அதை வைத்திருந்த நிறுவனத்தோடு வழக்கு, மனக்கசப்பு எல்லாம் நடந்து, புதிதாக ஒன்று செய்து, அதன் அமைப்பை யாரும் பயன்படுத்தலாம் என்று எழுதி வெளியிட்டுவிட்டார். நான் அவரிடம் பெரிதாக மதிப்பது இதைத்தான். பூட்டி வைத்திருந்தால் இன்று ஜிப் இவ்வளவு பரவியிருக்காது. 2000இல் 37 வயதில் இறந்துபோனார்.

அவர் அப்படித் திறந்து வைத்ததால் நமக்கு ஒரு லாபம். வேர்டின் டாக்ஸ் ஃபைல், எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், இ-பப் புத்தகம், ஆண்ட்ராய்டின் ஏபிகே எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். நோட்பேடில் திறந்தால் அதே பி, கே.

இதை வைத்து நான் கடையில் வாராவாரம் செய்யும் ஒரு வேலை: கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர் போடக் கொடுப்பவர்கள் போட்டோக்களை வேர்டில் ஒட்டி ஒரே ஃபைலாகக் கொண்டுவருவார்கள். தனிப் போட்டோ கேட்டால், "அதுதான் உள்ளே இருக்கே சார்" என்பார்கள். ஒவ்வொன்றாகக் காப்பி செய்து எடுத்தால் சில சமயம் திரையில் தெரியும் அளவுக்குச் சிறுத்து வரும். அதற்குப் பதில் அந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள டாக்ஸ் என்பதை அழித்து ஜிப் என்று மாற்றுங்கள். விண்டோஸ் எச்சரிக்கும், சரி கொடுங்கள். திறந்தால் வேர்ட் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் மீடியா என்று ஒரு ஃபோல்டர். எல்லாப் போட்டோவும் வரிசை எண்ணோடு அங்கே இருக்கும்.

ஒன்று மட்டும். சேவ் செய்யும்போது வேர்டே போட்டோக்களைக் குறைத்துவிடும் பழக்கம் உண்டு. மாற்றாமல் விட்டால் அங்குலத்துக்கு 220 புள்ளிதான். அச்சுக்கு 300 கேட்போம். மீடியா ஃபோல்டரில் கிடைப்பது வேர்ட் விட்டுவைத்த மிச்சமாகவும் இருக்கலாம். அதனால் ஒரிஜினல் கிடைக்குமா என்று எப்போதும் ஒரு தடவை கேட்டுவிடுவேன்.

மே 10, காலை 8.00

உசிலம்பட்டியிலிருந்து ஓர் ஆசிரியர்: ஃபைல்களுக்குத் தமிழில் பெயர் வைத்து ஜிப் போட்டு அனுப்பினார், அந்தப் பக்கம் பெயர்கள் எல்லாம் கோடும் கட்டமுமாகத் தெரிகின்றனவாம்.

பழைய ஜிப்பில் ஃபைல் பெயருக்கு, விண்டோஸுக்கு முன்னால் இருந்த டாஸின் எழுத்து அட்டவணைதான். அதில் தமிழ் இல்லை. 2006இல்தான் பெயரை யூ.டி.எஃப்-8இல் எழுதும் முறை ஜிப்பின் விதிமுறையில் சேர்ந்தது. பெயருக்குப் பக்கத்தில் "இது யூனிகோடு" என்று ஒரு கொடி நடப்படும். ஜிப் போட்ட மென்பொருள் கொடியை நடவில்லை என்றாலோ, திறக்கும் மென்பொருள் கொடியைப் பார்க்கவில்லை என்றாலோ கோலம் அலங்கோலம். ஃபைலுக்குள் இருக்கும் தமிழுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பயப்பட வேண்டாம். இரண்டு பக்கமும் 7-ஜிப் என்ற மென்பொருளைப் புதிதாகப் போட்டுக்கொண்டால் தீரும். இலவசம்தான். தமிழில் பெயர் வைப்பதை இதற்காக விட வேண்டாம் என்பது என் கட்சி.

மே 11, இரவு 10.40

பாஸ்வேர்ட் பற்றிக் கேள்வி மேல் கேள்வி வந்திருக்கிறது. ஆதார் நகல், பத்திர நகல் எல்லாம் ஜிப் போட்டு அனுப்புகிறார்கள், நல்லது. ஆனால் மூன்று விஷயம் மனத்தை அரிக்கிறது.

ஜிப்பின் பழைய பூட்டு பலவீனமானது. உள்ளே இருப்பதில் ஒரு சிறு பகுதி தெரிந்தாலே திறந்துவிடலாம் என்று 1994லேயே காட்டிவிட்டார்கள். 7-ஜிப்பில் ஜிப் போடும்போது என்கிரிப்ஷன் என்ற இடத்தில் ஏ.இ.எஸ்-256 என்ற பலமான பூட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதைத் திறக்க எதிர்ப்பக்கமும் 7-ஜிப் மாதிரி ஒன்று வேண்டியிருக்கும். விண்டோஸின் சொந்த வசதியை நம்ப வேண்டாம்.

பூட்டினாலும் ஜிப்புக்குள் இருக்கும் ஃபைல் பெயர்கள் வெளியே தெரியும். அப்பாவின் பெயரும் "சொத்துப் பத்திரம்" என்பதும் ஃபைல் பெயரிலேயே இருந்தால் பூட்டில் பாதி போச்சு. 7-ஜிப்பின் சொந்த முறையான 7இசட்டில் பெயரையும் மறைக்க ஒரு கட்டம் இருக்கிறது, டிக் செய்ய வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிது. ஜிப்பையும் பாஸ்வேர்டையும் ஒரே வாட்ஸ்அப் உரையாடலில் அடுத்தடுத்து அனுப்புவது. போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இ-ஆதாருக்குப் பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த ஆண்டும் பாஸ்வேர்டாக வருகிறது என்பதால் எல்லாவற்றுக்கும் அதையே வைக்கிறார்கள். அந்தக் கணக்கு ஊருக்கே தெரியும்.

மே 12, காலை 7.05

மேலூர்த் தம்பி மறுபடி: 5.9 ஜி.பி. ஜிப்பை பென் டிரைவில் போட்டால் இடம் இருந்தும் ஏறவில்லை. கூகுள் டிரைவில் ஏற்றி இறக்கிப் பார்த்தால் "ஃபைல் பழுது" என்கிறது.

பென் டிரைவ் எஃப்.ஏ.டி.32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கும். அதில் ஒரே ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் என்று ஃபார்மட் செய்யுங்கள், உள்ளே இருப்பதை முதலில் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு.

பழுது என்றால் பெரும்பாலும் இறக்கம் பாதியில் அறுந்திருக்கும். ஜிப்பின் உள்ளடக்கப் பட்டியல் முன்னால் இல்லை, கடைசியில் இருக்கிறது. வால் அறுந்தால், 99 சதவீதம் வந்திருந்தாலும் விண்டோஸ் மொத்தத்தையும் திறக்க மறுக்கும். ஆனால் ஒவ்வொரு ஃபைலுக்கு முன்னாலும் அதன் பெயரும் ஒரு சிறு தலைப்பும் தனியாக உண்டு. அதனால் 7-ஜிப்பில் திறந்தால் அறுந்த இடம்வரை உள்ள போட்டோக்கள் பல சமயம் வந்துவிடும். சைஸ் சரியாக இருக்கிறதா என்று பைட் எண்ணைப் பார்த்து ஒப்பிடுங்கள், "5.9" என்று மேலோட்டமாகப் பார்க்காதீர்கள்.

அனுப்பும் முன் 7-ஜிப்பில் டெஸ்ட் என்ற பட்டனை அழுத்துங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஜிப் ஒரு சரிபார்ப்பு எண் எழுதி வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து அந்த எண்ணோடு ஒப்பிடும். பென் டிரைவை அவசரத்தில் பிடுங்கியது, கேபிள் லூசாக இருந்தது எல்லாம் இதில் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம், போட்டோவை ஜிப் போடும்போது கம்ப்ரெஷன் லெவலில் ஸ்டோர் என்று வையுங்கள். சுருக்கவே முயலாது, கட்டி மட்டும் வைக்கும். அவ்வளவு நேரம் காத்திருக்கவும் வேண்டாம்.

மே 13, இரவு 9.50

6ஆம் தேதி எழுதிய மேற்படி விஷயத்தில் ஒன்றைச் சேர்க்கணும். டிஃப்ளேட்டால் 32 கே.பி. தூரம்தான் பின்னால் திரும்பிப் பார்க்க முடியும். குறிக்கு 3 பைட் வீதம் பார்த்தால் தமிழில் ஏறக்குறைய 10,900 குறிகள், சில பக்கங்கள்தான். 200 பக்கப் புத்தகத்தில் முதல் அத்தியாயத்தில் வந்த சொற்றொடர் கடைசி அத்தியாயத்தில் வந்தால் ஜிப்புக்கு அது புதுசு. போதாததற்கு ஜிப் ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகச் சுருக்கும், பக்கத்து ஃபைலைப் பார்க்காது.

7இசட் முறை பல எம்.பி. தூரம் திரும்பிப் பார்க்கும். எல்லா ஃபைலையும் ஒரே நீளமாக வைத்தும் சுருக்கும். ஒரே மாதிரியான ஆயிரம் தமிழ் ஃபைல் இருந்தால் 7இசட் ஜிப்பை எளிதாக முந்தும். அதன் விலை: நடுவில் ஓர் இடம் கெட்டால் அதற்குப் பின்னால் வருவதும் சேர்ந்து போகலாம். ஜிப்பில் கெட்டது அந்த ஒரு ஃபைலோடு நிற்கும்.

அதனால் இறக்கிக்கொள்ளக் கொடுப்பதற்கு 7இசட் நல்லது. வருஷக்கணக்கில் எடுத்து வைப்பதற்கு எனக்கு ஜிப்தான். இதில் எனக்குப் பல தடவை மனசு மாறியிருக்கிறது. பழுதைச் சரிசெய்யும் கூடுதல் பதிவை உள்ளேயே வைக்கும் வசதி ரார் முறையில் இருக்கிறது. அதற்காகக் கொஞ்ச காலம் எல்லாவற்றையும் ராரில்தான் வைத்தேன். யெவ்கேனி ரோஷல் 1993இல் கொண்டுவந்தது, இன்றும் அந்த ஒரு வசதிக்கு மரியாதை கொடுக்கலாம். ஆனால் ரார் போட அவர்களுடைய மென்பொருள்தான் வேண்டும். திறப்பதற்கே விண்டோஸ் 11இல் 2023இல்தான் வழி வந்தது. இப்போது என் வழக்கம்: ஜிப் ஒன்று, நகல் இரண்டு இடத்தில், இரண்டும் டெஸ்ட் செய்தது.

மே 14, காலை 6.30

வாடிப்பட்டியிலிருந்து வந்த கேள்விக்கு: பெயர் 001 என்று முடியும் ஃபைல் மட்டும் உங்களுக்கு வந்திருக்கிறது என்றால், அது துண்டு போட்ட ஜிப்பின் முதல் துண்டு. 002, 003 என்று மீதியையும் கேட்டு வாங்கி எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். பெயரை மாற்ற வேண்டாம். 001ஐ மட்டும் 7-ஜிப்பில் திறந்தால் போதும், மற்றவற்றை அதுவே வரிசையாக எடுத்துக்கொள்ளும். அனுப்பியவர் எத்தனை துண்டு போட்டார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.